வலி மாத்திரைக்கு நுரையீரலில் என்ன வேலை?

கே: முட்டிவலிக்குப் போடும் மாத்திரை அழற்சியைக் குறைக்கும் என்கிறார்கள். என் நுரையீரலிலும் அழற்சிதான் என்கிறார் டாக்டர். ஒரே மாத்திரையில் இரண்டையும் முடித்துவிடலாமே?
(லோரி ஓட்டுநர், கெலாங் பாத்தா)

ப: உங்களுக்குத் தோன்றியது அமெரிக்க மருத்துவர்களுக்கும் தோன்றியது. கிளீவ்லாந்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள 85 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாராருக்கு ஐபுப்ரோஃபென், மறு சாராருக்கு வெறும் மாத்திரை. நான்கு ஆண்டு கொடுத்துப் பார்த்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களுக்கு நுரையீரல் கெடும் வேகம் குறைந்திருந்தது. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பலன் பளிச்சென்று தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு ஃபார்மசிக்கு ஓடாதீர்கள். அது பிறவியிலேயே வருகிற வேறு நோய். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் சிகரெட் கொண்டுவந்த சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அதற்கு வலி மாத்திரையை மருத்துவர்கள் மருந்தாகத் தருவதில்லை.

கே: பெரிய டோஸ் வேண்டாம், கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தால்?
(அதே லோரி ஓட்டுநர்)

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! அந்த ஆய்வில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. ஒரு வேளைக்கு உச்ச அளவு 1,600 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 400 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு எட்டு. ரத்தம் எடுத்து அளவு சரியா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். அளவு குறைந்தால், அழற்சியைக் கிளப்பும் வெள்ளையணுக்கள் அடங்குவதற்குப் பதிலாக அதிகமாகவே கிளம்பலாம். ஆக, ‘கொஞ்சமாக’ என்பதுதான் இதில் மோசமான யோசனை. மிஞ்சினால் வயிற்றில் ரத்தக்கசிவு, கிட்னிக்குக் கேடு. அமெரிக்காவிலேயே மிகச் சிலர்தான் இந்தச் சிகிச்சையில் இருக்கிறார்கள்.

கே: ஐபுப்ரோஃபெனைக் கண்டுபிடித்தவர் யார்?
(கல்லூரி மாணவி, ஸ்கூடாய்)

ப: இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், பூட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஆடம்ஸும் அவர் குழுவும். மாஸ்கோவில் முந்தின இரவு குடித்த வோட்கா மறுநாள் தலைவலியாக இறங்க, மேடையேறும் முன் தாமே 600 மில்லிகிராம் விழுங்கினாராம். வலி போய்விட்டது. நம்மூரில் சிலர் இந்தப் பரிசோதனையைத் திங்கட்கிழமைதோறும் செய்கிறார்கள்.

கே: இரண்டாம் பாலம் வழியாகத் தினமும் துவாஸ் வேலைக்குப் போகிறேன். பையில் எப்போதும் பொன்ஸ்தான் இருக்கும். ஆஸ்துமாவும் உண்டு. பரவாயில்லையா?
(வாசகி, கெலாங் பாத்தா)

ப: இங்கே கிண்டல் இல்லை. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூறில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ஆகாது. பொன்ஸ்தானில் இருக்கும் மெஃபனாமிக் அமிலமும் அந்தக் குடும்பம்தான். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார். வலி குறைவது அந்தத் தடையால்தான். ஒரு மதகை அடைத்தால் தண்ணீர் மறு மதகில் பாயுமே, அப்படி இந்தச் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும் லூக்கோட்ரையீன் பெருகிவிடும். விழுங்கிய அரைமணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், இழுப்பு வரும். பாலத்தில் ஜாம் ஆகி நிற்கும்போது வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

பெரியவரான பிறகு வந்த ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமை: இவை சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுவாகிறது. இதுவரை பொன்ஸ்தான் போட்டு இழுப்பே வந்ததில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவையுங்கள். ஒருமுறையாவது வந்திருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். பனடோல் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

கே: கோடாலித் தைலம் தடவினால் நெஞ்சு லேசாகிறதே?
(பாட்டி, நூசாஜெயா)

ப: மூக்குக்குக் குளிர்ச்சி, மனசுக்குத் தெம்பு. தடவிக்கொள்ளுங்கள் பாட்டி. இன்ஹேலரை மட்டும் தைலப் புட்டிக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள்.

கே: மாத்திரையும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது?
(மூன்றாவது தடவையாக, லோரி ஓட்டுநர்)

ப: ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சிஓபிடியை உறுதிசெய்வது அதுதான். கொடுத்த இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று நர்ஸ் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். முட்டிவலிக்கு எதை விழுங்குகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பிரஷர், இதய நோய் இருந்தால் அது இன்னும் முக்கியம். மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் சிகரெட்டுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. லோரிக்குள் தடை போட உங்களால்தான் முடியும். நிறுத்த உதவி வேண்டுமென்றால் அரசு சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். புகைப்பதை நிறுத்துவதற்கென்றே அங்கே சேவை நடத்துகிறார்கள்.