தலையில் மாட்டிய பாடம்

‘விளையாட்டை ஓரங்கட்டிவிட்டுப் படி’ என்று தலைமுறை தலைமுறையாக அதட்டி வந்தோம். இப்போது சில பல்கலைக்கழகங்களில் மெய்நிகர் விளையாட்டே பாடம். ஆடாதவருக்குத்தான் மதிப்பெண் போகும்.

1968இல் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய மெய்நிகர் தலைக்கருவியைக் கழுத்து தாங்காது என்று கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். இன்றைய கருவி இலகு. கனமெல்லாம் ஆடி முடித்தபின் எழுதவேண்டிய கட்டுரையில். கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, உட்காது ‘சும்மாதான் நிற்கிறோம்’ என்கிறது. இருவர் வழக்கில் தண்டனை வயிற்றுக்கு. குமட்டலை ‘உடல்சார் அனுபவம்’ என்று எழுதத் தெரிந்தவர் தேறிவிடுவார்.

வகுப்புக்கென்றே செய்ததுபோல 2016இல் வந்தது ‘ஜாப் சிமுலேட்டர்’ என்ற மெய்நிகர் விளையாட்டு. கதை நடப்பது 2050இல். வேலைகளையெல்லாம் ரோபோக்கள் எடுத்துக்கொண்டன. அலுவலகம், சமையலறை, கடை, மெக்கானிக் ஷெட் எல்லாம் அருங்காட்சியகப் பொருள்கள். ‘வேலை என்றால் இப்படித்தான் இருந்ததாம்’ என்று மனிதர்கள் போய்ச் செய்து பார்க்கிறார்கள். கல்விக்கடனில் சேர்ந்த மாணவரும் கருவியை மாட்டிக்கொண்டு, இல்லாத மேசையில் இல்லாத காப்பியைக் குடித்தபடி ரோபோ மேலாளருக்குப் பணிகிறார். நேர்முகத்தில் ‘முன்அனுபவம் உண்டா?’ என்றால் தாராளமாகத் தலையாட்டலாம்.

மேசை பொய், காப்பி பொய், வேலையும் பொய். கடன் மட்டும் அசல், வட்டி தனி.