ஜெம் கிளிப் வைத்தியம்

தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 400 வரைகூட ஏறும். அப்படி ஏறியதில் டியூப்லைட் பளீரென்றது, கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. "மதர்போர்டு போச்சு சார்" என்றார் கடைக்காரர், மூடியைக் கழற்றாமலே. புது மதர்போர்டு ஒன்று தற்செயலாக அவர் கடையிலேயே இருந்தது.

மூடியைக் கழற்றினால் ஒரு சோதனை உண்டு: மதர்போர்டிலிருந்து உருவிய 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் பெரும்பாலும் போனது எஸ்எம்பிஎஸ்தான். சுற்றினாலும் அதற்கு முழு நற்சான்று கிடையாது. ஆனால் ஜெம் கிளிப்புக்கு என்ன பில் போடுவது? அதனால் அந்த வைத்தியம் கடைகளில் அவ்வளவாகப் புழங்குவதில்லை.

காவலுக்கு வைத்த ஸ்பைக் பஸ்டரிலோ சிவப்பு விளக்கு ஜோராக எரிகிறது. உள்ளே திடீர் வோல்ட் ஏற்றத்தை விழுங்கும் வேரிஸ்டர் வைக்க மறந்தவர்கள், விளக்கை மட்டும் மறக்கவில்லை.