போர்ட் ட்ரிக்கரிங்: யார் முதலில் பேசுவது?

கே: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், போர்ட் ட்ரிக்கரிங் என்று இரண்டு இருக்கின்றனவே, எது எதற்கு?

ப: ஃபார்வர்டிங்கில் போர்ட் எந்நேரமும் திறந்திருக்கும். ட்ரிக்கரிங், வீட்டுக்காரர் ஆர்டர் சொன்ன பிறகே பார்சல்காரரை உள்ளே விடும் அடுக்குமாடிக் காவலாளி. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு போர்ட் வழியாக வெளியே பேசியதும், நீங்கள் குறித்துவைத்த இன்னொரு போர்ட்டை ரவுட்டர் திறந்து, வருவதைப் பேசியவருக்கே அனுப்பும். பேச்சு ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

கே: உதாரணம்?

ப: 1988இல் பிறந்த ஐ.ஆர்.சி. அரட்டை. நீங்கள் 6667இல் சர்வரைக் கூப்பிட்டால், சில சர்வர்கள் 113இல் திரும்பி வந்து "யாரப்பா நீ?" என்று விசாரிக்கும். அது வீட்டில் யாருக்கான கேள்வி என்று தெரியாமல் ரவுட்டர் தள்ளிவிடும். ட்ரிக்கர் 6667, இன்கமிங் 113, இரண்டும் டி.சி.பி. என்று எழுதிவைத்தால் விசாரணை உரியவரிடம் போய்ச் சேரும்.

கே: எங்கே எழுதுவது?

ப: ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 போன்ற முகவரி இருக்கும். அதை பிரவுசரில் தட்டி லாகின் செய்து, அட்வான்ஸ்டு பகுதியில் தேடுங்கள். எண்களை அந்தந்த ஆப்பின் உதவிப் பக்கத்தில் பார்த்துப் போடுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1 முதல் 65535 வரை திறந்துவிடாதீர்கள்!

கே: கம்ப்யூட்டரின் ஐ.பி.யை நிலையாக்க வேண்டுமா?

ப: வேண்டாம். பேசியது யார் என்று ரவுட்டரே பார்த்துக்கொள்ளும்.

கே: நானும் தம்பியும் ஒரே நேரத்தில் ஒரே கேம் ஆடலாமா?

ப: அந்த கேம் ட்ரிக்கரிங்கை நம்பியிருந்தால் முடியாது. ஒரு போர்ட் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். தம்பிக்கு விட்டுக்கொடுங்கள்.

கே: வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்க்க இது உதவுமா?

ப: உதவாது. கேமராக் காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டி உள்ளே உட்கார்ந்து காத்திருக்கும். முதலில் கூப்பிடுவது வெளியே இருக்கும் நீங்கள். உள்ளிருந்து முதல் பேச்சு கிளம்பாமல் ட்ரிக்கர் இல்லை. ஃபார்வர்டிங் செய்தால் பார்க்கலாம்தான். ஆனால் உங்களோடு ஊர் உலகமும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் கிடந்த கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களை ஐ.பி. முகவரிகளாக மாற்றித்தந்த 'டைன்' (Dyn) நிறுவனத்தை அப்படை தாக்க, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின. ரவுட்டரில் வி.பி.என். வசதி இருந்தால் அதன் வழியாக வீட்டுக்குள் வாருங்கள். டி.வி.ஆரின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

கே: எல்லாம் சரியாகச் செய்தும் போர்ட் திறக்கவில்லையே?

ப: ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) ஐ.பி.யைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று அர்த்தம். உங்கள் கைக்கு எட்டாத இன்னொரு கதவு அங்கே மூடியிருக்கிறது. வீட்டு ரவுட்டரைக் குடைவதை விட்டுவிட்டு, பொது ஐ.பி. தருவார்களா, கட்டணம் எவ்வளவு என்று அவர்களிடம் கேளுங்கள்.