பிக்கப்

கல்முனையில் யாராவது ஆங்கிலம் தெரியாது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். "எனக்கு இங்கிலீஸ் தெரியா தம்பி" என்பவர் அடுத்த மூச்சிலேயே "இந்த பைக்குக்குப் பிக்கப் காணா" என்பார்.

பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவருக்குப் பிக்கப் என்பது நோன்பு பதினைந்துக்குப் பிறகு யாவாரத்துக்கு வருவது. பள்ளிக்கூட வேன்காரருக்கு அது காலை ஆறரை மணியும், ஒற்றைச் சப்பாத்தோடு வாசலில் நிற்கும் பிள்ளையும். சவூதியில் இருந்து வந்தவருக்கோ பின்பக்கம் திறந்த வாகனம். நாம் அதைக் கெப் என்கிறோம், அங்கே வானேத் என்பார்கள். பொலிஸ் ஒருவரைப் பிக்கப் பண்ணியது என்றால் மட்டும் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. சட்டத்தரணியின் நம்பரைத்தான் கேட்பார்கள்.

பிக்கப்பின் தலைநகரம் கட்டுநாயக்கா. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால் கல்முனைக்காரருக்கு வேன்தான் கதி. கட்டாரில் இருந்து வரும் ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிவர உம்மா, வாப்பா, ராத்தா, ராத்தாவின் பிள்ளைகள், சாச்சி, "சும்மா ஒரு காத்து வாங்க" ஏறிய பக்கத்து வீட்டுக் காக்கா என்று வேன் நிறைய ஆட்கள் இரவிரவாகப் போவார்கள். மாப்பிள்ளை வந்து இறங்குவார், கூடவே கயிறு கட்டிய பெட்டிகள், கம்பளி, தாங், நிடோ. அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கும். வேனில் எல்லோருக்கும் சீட் இருக்கிறது, யாரைப் பிக்கப் பண்ண வந்தார்களோ அவருக்கு மட்டும் இல்லை. ஈராண்டு உழைத்துவிட்டு வந்த மனிதர் நிடோ டின்னை மடியில் வைத்து, ஒரு காலை சாச்சியின் பைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஊர் வந்து சேருவார். இறங்கியதும் முதுகு பிடித்துக்கொள்ளும். ஆள் பிக்கப் ஆக நாலு நாள் எடுக்கும்.

இவ்வளவும் தெரிந்த ஊரில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மருமகன் வந்து, "மாமா, பிக் அப் என்டா என்ன?" என்று கேட்டான். அவனுடைய கொப்பியில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது: கீழே கிடப்பதைத் தூக்குதல். வசனம் அமைக்கச் சொன்னதற்கு அவன், "மை ஃபாதர்ஸ் பைக் ஹேஸ் நோ பிக்கப்" என்று எழுதிச் சிவப்புக் கோடு வாங்கியிருந்தான். வினைச்சொல் கேட்ட இடத்தில் பெயர்ச்சொல் எழுதினால் பிழைதான். ஆனால் என் மச்சானுடைய பைக்கைப் பார்த்தவர்கள் உண்மைக்காகவாவது அரைப் புள்ளி போட்டிருப்பார்கள்.

பிக் அப் போல இரண்டு சொல் சேர்ந்து வரும் இந்தச் சோடி வினைகளுக்கு 'பிரேசல் வேர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சல் ஸ்மித் 1925 இல் தன் நூலில் எழுதினார். அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஹென்றி பிராட்லி என்றும் அவர் குறிப்பிட்டார். அதே அகராதிக்காரர்கள் பின்னாளில் 'ரன்' என்ற ஒரு வினைக்கு மட்டும் 645 அர்த்தம் எண்ணினார்கள். இதைச் சொன்னதும் மருமகன் கொப்பியை மூடிவிட்டான்.

வெள்ளைக்காரனைத் திட்டுமுன் நம்முடைய 'எடு'வையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாடியில் மீன் எடுக்கிறோம், காசு கொடுத்துத்தான். டிரைவர் பஸ் எடுக்கிறார், யாரும் தூக்குவதில்லை. ஆசுபத்திரியில் மருந்து எடுக்கிறோம், அது ஒத்துவராவிட்டால் சத்தி எடுக்கிறோம். இவையெல்லாம் போகட்டும். "கோல் எடுத்தன், நீங்க எடுக்கல்ல" என்கிறோமே, அதில் முதல் எடு நான் நம்பர் அடித்தது, இரண்டாவது எடு நீங்கள் பேசாமல் விட்டது. தமிழ் படிக்க வந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் இந்த வசனத்தோடு ஊர் திரும்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பட்டியல் பாடமாக்க விடாதீர்கள். "கோல் எடுத்தன், நீங்க எடுக்கல்ல" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு எடுவுக்கும் வேறு வேறு வினை போட்ட பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுங்கள்.