அணிக்குப் பட்டு மாற்றுவது எப்படி?

மதுரையில் ஒரு கால்பந்து கிளப்பை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோல் போட ஆள் தேடுவதைவிட ஜெர்சியை மாற்றுவது சுலபம் என்று இந்நேரம் யாராவது காதில் ஓதியிருப்பார்கள். சரிதான். கீழே சொல்கிறபடி செய்யுங்கள். ஒரே வாரத்தில் டீக்கடை டீக்கடையாக உங்கள் பேச்சுதான்.

1. பெயரைத் தூக்குங்கள்

நமக்கு இது பழக்கம்தான். டிஎன்பிஎல் கிரிக்கெட் தொடங்கிய 2016-ல் மதுரை அணியின் பெயர் சூப்பர் ஜெயன்ட்ஸ். 2018-ல் பேந்தர்ஸ் ஆனது. ஆன வருஷமே கோப்பை! பெயர் ராசியை நம்பாத பங்குதாரர் யாராவது இருந்தால் புனே ஐபிஎல் அணியைக் காட்டுங்கள். 'சூப்பர்ஜெயன்ட்ஸ்' என்ற பெயரின் கடைசி 'ஸ்'-ஐ 2017-ல் கழற்றினார்கள். ஃபைனல் வரை போனார்கள். அங்கே ஒரே ரன்னில் தோற்றார்கள். இன்னோர் எழுத்தையும் கழற்றியிருக்க வேண்டும்.

எச்சரிக்கை: 1889-ல் பிறந்த கல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து கிளப்பின் தலையில் 2020-ல் 'ஏடிகே' என்ற இன்னொரு கிளப்பின் பெயர் ஏறியது. அதை எடு என்று ரசிகர்கள் மூன்று வருஷம் மல்லுக்கு நின்றார்கள். 2023-ல் எடுத்தார்கள். எடுத்த கையோடு வாலில் 'சூப்பர் ஜெயன்ட்' என்று ஒட்டினார்கள். மதுரை கழற்றிப் போட்டது கல்கத்தாவில் புதுசு!

2. நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் வேர்க்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று லட்சம் பேர் விடிய விடியக் காத்திருந்து பார்க்கும் ஊர் இது. பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும். சிவப்பு என்றால் கலகம் வரும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் எந்தக் கட்சி என்பார்கள். மஞ்சள் சென்னைக்குப் போய்விட்டது. இன்னும் தெற்கே போனால், பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதி சொல்கிறது. அந்தக் கயிறே வேண்டாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. ஆகவே நிறத்தை ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மிச்சம் இருப்பது சாம்பல் என்று தோன்றினால், அதை மாட்டிக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு யோசியுங்கள்.

3. லோகோவில் எல்லாவற்றையும் போடுங்கள்

மீன், கோபுரம், காளை, மல்லிகை. நான்கும் உள்ளங்கை அகலத்தில் அடங்க வேண்டும். அச்சாகி வரும்போது மீனுக்குக் கொம்பு முளைத்திருக்கும். மல்லிகை பார்வைக்குப் பூண்டாகியிருக்கும். மொத்தத்தில் நல்ல ஊறுகாய் பாட்டில் லேபிள். கோபுரம் போட்டால் எந்தக் கோபுரம் என்று அடியிலேயே எழுதிவிடுங்கள். மதுரையில் பிறந்த ஓவியர் கிருஷ்ணராவ் 1949-ல் வரைந்த தமிழக அரசுச் சின்னத்தில் இருப்பது மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரமா, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

சென்னையின் எஃப்சி புத்திசாலி. 2014-ல் ஒரே ஒரு திருஷ்டி முகத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டது. புதுவீட்டு வாசலில் அதைப் பார்த்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

4. உபயதாரருக்கு இடம் விடுங்கள்

கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதிய இடம் போக மிச்சத்தில் வெளிச்சம் வருமே, அந்த விகிதம் போதும்.

5. துவைத்துப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து சாம்பிள் வந்ததும் மாடலுக்கு மாட்டிப் படம் எடுக்காதீர்கள். பதினாலு வயசுப் பையனிடம் கொடுங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் புழுதியில் பத்து நாள் ஆடட்டும். அவன் அம்மா சோப்புப் போட்டு, பிரஷ் தேய்த்து, கல்லில் ரெண்டு அடி அடிக்கட்டும். அதற்குப் பிறகும் நெஞ்சில் மீன் நீந்தினால் ஆர்டர் கொடுங்கள்.

6. அறிவியுங்கள், பழைய துணியைத் தூக்கிப் போடாதீர்கள்

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டியின் மலேசிய முதலாளி, 2012-ல் நீலத்தைக் கழற்றிச் சிவப்பை மாட்டினார். மறு வருஷமே அணி பிரீமியர் லீகுக்கு ஏறியது. ஜெயித்தும் ரசிகர்களுக்கு ஆறவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

ஆனால் அழகரைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு நிறம். ஒருத்தரும் கொடி பிடித்ததில்லை. ஏன்? பட்டுப் பெட்டிக்குள் பட்டர் கையை விடுவார். கைக்கு வந்தது எதுவோ அதுதான் அந்த வருஷத்துப் பட்டு. மாறுவது அது மட்டும்தான். பெயர் அதே பெயர், குதிரை அதே குதிரை, இறங்குவதும் அதே ஆறு. பட்டைப் பார்த்து ஊர் ஜோசியம் சொல்லும். இது நம்ம அழகரா என்று கேட்காது.

கன்சல்டன்ட் பில் நீட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கு டிசைன் ஃபீஸ் கிடையாது.