காசு விழாத கடைக்காரர்

அமெரிக்கப் புறநகர் ஒன்றில், கராஜ் இருந்தும் கார் பனியில் நனைந்துகொண்டு வெளியே நிற்கிறது என்றால், உள்ளே ஒரு பெட்டிக்காரர் குடியிருக்கிறாரோ என்று சந்தேகப்படலாம். காசு போட்டால்தான் ஆடவிடும் பழைய ஆர்கேட் வீடியோ கேம் மெஷின்களை வீட்டுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பவருக்கு நான் சூட்டும் பெயர் அது. ஒவ்வொரு பெட்டியும் ஆள் உயரம்; பெரும்பாலானவை நூறு கிலோவுக்கும் மேல் கனம். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், தொலைத்துவிட்ட பையன் பருவத்தை மீட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்வார். அவருடைய மனைவியோ, தொலைத்துவிட்ட கராஜை மீட்க வழி உண்டா என்று கேட்பார். மனைவியின் கேள்வி நியாயமானது. கணவரின் பதிலில்தான் கோளாறு. அவர் நடந்துகொள்ளும் விதத்தில் அந்தப் பையனை எங்குமே காண முடிவதில்லை. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்றைக்கு எந்த மெஷின் மக்கர் பண்ணப்போகிறதோ என்ற கவலை முகத்தில். இவையெல்லாம் அந்தப் பையனிடம் காசு வாங்கிய கடைக்காரருக்கு உரிய லட்சணங்கள். ஆட்டக்காரராகத் திரும்புவதாக நினைத்துக்கொண்டே கடைக்காரராகிவிடுபவர்தான் பெட்டிக்காரர் என்பது என் கட்சி.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் பெட்டி குடும்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வாசல்படி ஏறும். 1982-ல் வந்த மிஸ் பேக்-மேன் அதற்கு ரொம்ப வசதி. அமெரிக்காவில் லட்சத்துக்கு மேல் விற்ற மெஷின் என்பதால் தேடி அலைய வேண்டாம். ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், அதைத் திருப்பினால் போதும். சுடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். “பிள்ளைகளுக்காக” என்று சொன்னால் வீட்டில் யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது பெட்டி இலவசமாக வருகிறது. கிடங்கைக் காலி செய்யும் அவசரத்தில் இருக்கும் விற்பனையாளர், ஓடுகிற ஒன்றுடன் ஓடாத ஒன்றையும் தலையில் கட்டிவிடுகிறார். அதற்கு உதிரிபாகம் எடுக்கலாமென்று மூன்றாவதை வாங்குகிறார் நம்மவர். திறந்து பார்த்தால் மூன்றாவது, இரண்டாவதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அதைப் பிரித்துப்போட யாருக்குத்தான் மனம் வரும்? நான்காவதுக்குக் காரணமே தேவைப்படுவதில்லை. கொலு வைக்கும் வீடுகளில் வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் உண்டல்லவா, அதே சம்பிரதாயம்தான் இங்கேயும். ஒரே வித்தியாசம், அந்தப் பொம்மைகள் நவராத்திரி முடிந்ததும் பரணுக்குப் போய்விடும். இவருடைய கொலுவுக்கு விஜயதசமி கிடையாது.

பெட்டிகள் பெருகப் பெருக ஆடுவது குறைந்து பழுதுபார்ப்பது கூடுகிறது. நாற்பது வயதைத் தாண்டிய மின்பொருள் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவையும் இருக்கின்றன. மானிட்டர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் உள்ளே வறண்டுபோய், படம் ஓரங்களில் சுருங்கி நெளிகிறது. இணைப்புகளில் ஈயப்பற்று விரிசல் விடுகிறது. பழைய பிக்சர் டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருக்கும். அதைப் பக்குவமாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கல்லூரியில் வரலாறு படித்தவர்கூட இரண்டு வருஷத்தில் சால்டரிங் அயர்னும் மீட்டருமாக அலைய ஆரம்பித்துவிடுகிறார். வில்லியம்ஸ் கம்பெனியின் 1981-ஆம் வருஷத்து டிஃபெண்டரைப் பாருங்கள். அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் பட்டியல் கரண்ட் போனாலும் அழியக் கூடாதே என்று போர்டிலேயே பென்சில் பேட்டரிகளைப் பொருத்தியிருந்தார்கள். மாற்றாமல் விட்ட பேட்டரி கசிந்து, தான் உட்கார்ந்திருந்த போர்டையே அரித்துவிடும். யாரோ ஒருவரின் பழைய பெருமையைக் காப்பாற்றப் போய்ச் செத்த மெஷினைப் பெட்டிக்காரர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து உயிர்ப்பிக்கிறார். பிழைத்ததும் ஓர் ஆட்டம் ஆடுகிறார், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. உடனே அடுத்த பெட்டியின் பின்கதவைத் திறக்கப் போய்விடுகிறார்.

காசு விஷயத்தில்தான் அவருடைய கடைக்காரப் புத்தி முழுசாக வெளிப்படுகிறது. அந்தக் காலத்தில் மெஷினின் சொந்தக்காரர் அதைப் பீட்சா கடையிலோ மதுக்கூடத்திலோ சலவைக்கடையிலோ கொண்டுபோய் வைப்பார். பெட்டியில் விழும் 25 சென்ட் நாணயங்களை இடம் கொடுத்தவருடன் பாதிப்பாதி பங்கிட்டுக்கொள்வது வழக்கம். புதிய ஆள் சில நிமிடங்களில் தோற்று அடுத்த நாணயத்தை எடுத்தாக வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் ஆதார விதி. அதற்காக எத்தனை உயிர், எவ்வளவு கஷ்டம் என்று கூட்டிக் குறைக்க போர்டில் குட்டிக் குட்டி சுவிட்சுகள் உண்டு. பெட்டிக்காரர் தன் வீட்டில், தன் மெஷினில், தனக்காக ஐந்து உயிர் வைத்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. ஆனால் மூன்று உயிருக்கு மேல் வைப்பது அவருக்கு மோசடியாகத் தோன்றுகிறது. காசில்லாமல் ஆடவும் சுவிட்ச் உண்டு, அதையும் போடமாட்டார். நாணயம் உள்ளே விழும் ஓசை இல்லாமல் ஆட்டம் எப்படித் தொடங்கும்? எனவே மெஷின் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய நாணயம். காலையில் விருந்தினருக்கு வழங்கிய அதே நாணயங்களை மாலையில் கல்லாவைத் திறந்து எடுத்து மீண்டும் கிண்ணத்தில் கொட்டுகிறார். 1972-ல் அடாரி கம்பெனி தன் முதல் பாங் மெஷினை கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் வைத்தது. கொஞ்ச நாளில் அது வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தால் கோளாறு வேறெதுவுமில்லை. காசு நிரம்பி வழிந்திருந்தது. பெட்டிக்காரர் வீட்டு மெஷின்களுக்கு வராத பழுது அந்த ஒன்றுதான்.

அவர் கடைக்காரராகிறார் என்றேன். பழைய கடைக்காரர்கள் செய்த பாவத்துக்குப் பரிகாரமும் செய்கிறார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டின் வசூல் இறங்கிவிட்டால் அன்றைய முதலாளிகள் பெட்டியைத் தூக்கிப் போடமாட்டார்கள். உள்ளே போர்டை மாற்றி, வெளியே படத்தின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து, புது விளையாட்டாக நிறுத்திவிடுவார்கள். நம்மவர் அந்தக் கறுப்பைப் பொறுமையாகச் சுரண்டி, அடியில் இருக்கும் 1981-ஆம் வருஷத்து டாங்கி காங் குரங்கை வெளியே கொண்டுவருகிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நின்டென்டோவின் ரேடார் ஸ்கோப் அமெரிக்காவில் படுத்துவிட்டது. விற்காமல் கிடந்த சுமார் 2,000 பெட்டிகளில் புது போர்டு போட்டுத்தான் டாங்கி காங்கை முதலில் கடைக்கு அனுப்பினார்கள். அவை சிவப்புப் பெட்டிகள். பின்னால் வந்தவை நீலம். எந்தச் சிவப்பு அன்றைக்குத் தோல்வியின் அடையாளமாக இருந்ததோ, அதே சிவப்புக்குத்தான் இன்று கூடுதல் விலை கேட்கிறார்கள். சுரண்டும்போது அடியில் சிவப்பு தெரிந்தால் பெட்டிக்காரர் அன்று சாப்பிடவே மாட்டார்.

“இதெல்லாம் வெறும் பழைய ஞாபகம், அவ்வளவுதானே?” என்பது வழக்கமாக வரும் மறுப்பு. முதல் பெட்டிக்கு அது சரியான விளக்கம். ஏழாவது பெட்டிக்குப் போதாது. பையனாக இருந்தபோது அவர் ஆடியவை இரண்டு மூன்று விளையாட்டுகள். இப்போது தேடுவதோ அன்று கண்ணால்கூடப் பார்க்காதவற்றை. தவிர, 1971-ல் வெளிவந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் மெஷினை அது வந்து இருபது வருஷம் கழித்துப் பிறந்தவர்களும் தேடுகிறார்கள். அவர்களுக்கு எந்த ஞாபகம்? இன்னொரு மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. இத்தாலிக்காரரான நிகோலா சால்மோரியா 1997-ல் வெளியிட்ட மேம் என்ற மென்பொருளும் அதன் வழிவந்தவையும் இந்த விளையாட்டுகளை ஆயிரக்கணக்கில் ஒரு சாதாரணக் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டன. 2018 முதல் முக்கால் அளவுப் பெட்டிகள் கடைகளிலேயே புதிதாகக் கிடைக்கின்றன. ஆட வேண்டும் என்றால் இவ்வளவு சுலபமாக ஆடலாமே? உண்மை. ஆட விரும்புகிறவருக்கு அது முற்றுப்புள்ளி. பெட்டிக்காரர் அங்கே நிற்காமல் மேலே போகிறார் என்பதே அவருக்கு வேண்டியது ஆட்டம் இல்லை என்பதற்குச் சாட்சி. மென்பொருளுக்குப் பூட்டு இல்லை, சாவி இல்லை, பின்கதவு இல்லை. முக்கியமாக, அது பழுதாவதில்லை. பழுதே ஆகாத மெஷினுக்கு முதலாளியாக இருப்பதில் என்ன கௌரவம்?

அடுத்து முதலீட்டு வாதம். இதை வெளியார் சொல்வதில்லை. பெட்டிக்காரரே சொல்வார், அதுவும் வீட்டில். விலை ஏறிக்கொண்டே போகிறது என்பார். சில மெஷின்களுக்கு ஏறியிருப்பதும் உண்மைதான். ஆனால் வேன் வாடகை, உதிரிபாகம், மின்சாரம், மெஷின்கள் அடைத்துக்கொண்ட இடம் என்று கணக்குப் போட்டால் இது யானையைக் கட்டித் தீனி போடுகிற விவகாரம். இந்தச் சந்தையில் ஒரு குதர்க்கமும் உண்டு. எல்லோருக்கும் பிடித்த ஆஸ்டராய்ட்ஸ் 70,000 மெஷின்களை ஒட்டி விற்றது. ஆகவே அது அரிதல்ல. அரிதானவை எவை என்றால், பெரும்பாலும் அன்று யாருக்கும் பிடிக்காததால் விற்காமல் போனவை. அரும்பொருள் என்று தேடிப்போகும் பெட்டிக்காரரிடம் கடைசியில் மிஞ்சுவது, காலம் ஏற்கனவே ஒருமுறை சலித்து ஒதுக்கிய சலிப்பூட்டும் விளையாட்டுகளின் தொகுப்பு. அது போகட்டும், இந்த வாதத்துக்கு வேறு பதிலே வேண்டாம். விற்க மனம் வராதவருக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

நான் மதிக்கும் மறுப்பு ஒன்றே ஒன்று: இவர்கள் இல்லாவிட்டால் இவற்றில் பல அழிந்திருக்கும். மேம் மென்பொருளுக்குள் ஒரு விளையாட்டு நுழைய வேண்டுமானால், யாரோ ஒருவரிடம் அதன் அசல் போர்டு உயிரோடு இருந்து, அதன் சிப்புகளிலிருந்து நிரலை எடுத்தாக வேண்டும். கேப்காம் கம்பெனி 1990களில் விற்ற ஒரு வகை போர்டில், மறையாக்கத்தின் சாவியை ஒரு பேட்டரிதான் காத்துக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்தால் போர்டு நிரந்தர ஊமை. அந்தப் பூட்டை உடைத்து ஊமைகளைப் பேச வைத்தவர்கள் இந்த ஆர்வலர் கூட்டத்தார்தான். வடக்கு வேல்ஸில் 1979-ல் கரைசேர்த்து நிறுத்திய ட்யூக் ஆஃப் லங்காஸ்டர் என்ற கப்பல் கொஞ்ச காலம் கேளிக்கைக் கூடமாக இருந்து மூடப்பட்டது. அதற்குள் கால் நூற்றாண்டு அடைபட்டுக் கிடந்த ஆர்கேட் மெஷின்களைப் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் 2010களின் தொடக்கத்தில் விலைபேசி, கிரேன் வைத்து இறக்கினார்கள். நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் செய்கிற பணியின் ஒரு பகுதியைப் பல கராஜ்கள் சம்பளமில்லாமல் செய்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுவாக அருங்காட்சியகம் என்றால் ‘தொடாதீர்கள்’ என்று பலகை இருக்கும். பெட்டிக்காரரோ நீங்கள் தொடவில்லை என்றால் கோபித்துக்கொள்வார். காப்பது அவர் செயலின் பலன், நோக்கம் வேறு.

அப்படியானால் லாபமே இல்லாதவரை எப்படிக் கடைக்காரர் என்று சொல்லலாம் என்று கேட்பீர்கள். பதில் அந்த மெஷின்களிலேயே இருக்கிறது. யாரும் ஆடாதபோது அவை சும்மா இருப்பதில்லை. தாமே ஆடிக் காட்டி, விளக்கை மின்னி, போகிறவர் வருகிறவரை அழைக்கின்றன. பல மெஷின்கள் அதிக ஸ்கோர் எடுத்தவரின் பெயரை மூன்றெழுத்தில் போட்டு, அடுத்தவர் வயிறு எரிய வைக்கின்றன. எல்லாமே கூட்டத்துக்காகச் செய்தது. வீட்டிலோ பட்டியலில் பத்து இடமும் ஒரே மூன்றெழுத்து. தன்னையே தான் முந்தி, தன்னிடமே தான் தோற்று எத்தனை நாள் ஓட்டுவது? அதனால்தான் 1997-லிருந்து கலிபோர்னியாவில் நடந்துவரும் கலிபோர்னியா எக்ஸ்ட்ரீம் கண்காட்சிக்குச் சேகரிப்பாளர்கள் தங்கள் மெஷின்களைத் தாங்களே சுமந்துகொண்டு வருகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் காசு போடாமல் வார இறுதி முழுக்க அவற்றை ஆடித் தீர்க்கிறார்கள். இவர்கள் பக்கத்தில் நின்று ஃபியூஸ் மாற்றுகிறார்கள். வரவே இல்லாத இந்தச் செலவுக்குக் கூட்டத்தின் மேல் உள்ள ஆசையைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சிகாகோ அருகே புரூக்ஃபீல்டில் 2010-ல் திறந்த கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேடில் ஒரு நுழைவுக் கட்டணத்துக்கு நாள் முழுக்க ஆடலாம். அங்கே உள்ள பல நூறு மெஷின்களையும் ஓடும் நிலையில் வைத்திருப்பதே ஓயாத வேலை. எந்தப் பெட்டிக்காரரும் இடமும் பணமும் இருந்தால் போய்ச் சேரக்கூடிய இடம் அதுதான்.

ஆகவே பெட்டிக்காரர் வீட்டுக்கு அழைப்பு வந்தால் தட்டாமல் போங்கள். இதற்கு என்ன செலவாயிற்று என்று கேட்காதீர்கள், மனைவி பக்கத்தில் இருப்பார். கிண்ணத்தில் இருந்து நாணயத்தை எடுத்துப் போட்டு, உங்களால் முடிந்த மட்டும் ஆடி, முடிந்தால் அவரைத் தோற்கடியுங்கள். அவருடைய பட்டியலில் வேறொருவரின் மூன்றெழுத்து ஏறுவதுதான் அந்தக் கடையின் ஒரே வசூல்.