சிறை சென்ற கொள்ளுத்தாத்தா

கேள்வி: கொள்ளுத்தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். உறுதிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் தேடலைத் தியாகியிடம் அல்ல, பேரனிடம் தொடங்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்தால், முத்து மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்து என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறாண்டு மாறி மாறி வரும். எந்த முத்து ஜெயிலுக்குப் போனவர்? இங்கே கைகொடுப்பது பழைய கிரயப் பத்திரம். ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் அதில் முழுதாக இருக்கும். பீரோவில் கிடக்கும் அந்தத் தாளைப் பழைய பேப்பரோடு போடுவது பெரும் பாவம்.

அடுத்தது தியாகி பென்ஷன் காகிதங்கள். மத்திய அரசு 1972இல் தொடங்கிய திட்டத்தில் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் கேட்டார்கள். சிறை ஆவணம் கிடைக்காதவர்களுக்கு உடன் சிறையிருந்தவர்களின் சான்றிதழ் உதவியது. அந்தச் சான்றிதழில் தோழர் பெயரும் சிறையின் பெயரும் இருக்கும். அதைக் கொண்டு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகமா, 1942 ஆகஸ்டுப் போராட்டமா என்று ஆண்டு தெரிந்திருந்தால் வேலை பாதியாகும்.

மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். பென்ஷனுக்கே விண்ணப்பிக்காதவர்களும் உண்டு. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அவர் போராடவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.